படித்தொகை கணவர் பெயரில் வருகிறது... மிஷனரித் தம்பதி ஓய்வுக்காலத்துக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: நானும் கணவரும் 14 வருடமாக ஜார்க்கண்டின் சாகிப்கஞ்ச் மாவட்டத்தில் மிஷனரி ஊழியத்தில் இருக்கிறோம். எனக்கு 38 வயது, அவருக்கு 41. மகனுக்கு 12, மகளுக்கு 8. எங்கள் மிஷனரி சங்கம் தரும் படித்தொகை மாதம் 24,000 ரூபாய், அவர் கணக்கில் வருகிறது. வீடும் சங்கம் தந்ததுதான். தசமபாகமும் (காணிக்கையாகத் தரும் பத்தில் ஒரு பங்கு) செலவும் போக 5,500 மிஞ்சும். வங்கியில் 1.8 லட்சம் இருக்கிறது. சாயர்புரத்தில் மாமனார் தருவதாகச் சொன்ன 4 சென்ட் மனையில் கடன் வாங்கி வீடு கட்டலாமா? கனடாவில் உள்ள நண்பர் மாதாமாதம் பணம் அனுப்புகிறேன் என்கிறார், வாங்கலாமா?

பதில்: வீட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். "அவர் கணக்கில் வருகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான். இருவரும் ஊழியம் செய்கிறீர்கள். காகிதத்தில் ஊழியர் ஒருவர்தான். உங்கள் பெயரில் வருமானம் இல்லாததால் பெரிய தொகைக்கு ஆயுள் காப்பீடு கிடைப்பது கடினம். நாளைக்கு அவருக்கு ஒன்று ஆனால் படியும் வீடும் ஒன்றாகப் போகும். படியைப் பிரித்து, நியமனக் கடிதத்தோடு ஒரு பகுதியை உங்கள் கணக்கில் போடச் சொல்லி சங்கத்துக்கு எழுதுங்கள். கூடவே கேளுங்கள்: பி.எஃப். பிடிக்கிறார்களா, பணிக்கொடை உண்டா, ஊழியர் இறந்தால் மனைவி எத்தனை மாதம் குடியிருப்பில் இருக்கலாம், மருத்துவக் காப்பீடு ஓய்வோடு நின்றுவிடுமா? பதில் எழுத்தில் வரட்டும். பி.எஃப். இருந்தால் இணையத்தில் வாரிசு நியமனம் முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். அதிலுள்ள ஓய்வூதியத்துக்கு 10 வருடச் சேவை வேண்டும். உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தால் விதவை ஓய்வூதியத்துக்கு அந்த நிபந்தனை கிடையாது.

அடுத்து காப்பீடு. கணவர் பெயரில் 40 லட்சத்துக்கு டேர்ம் பாலிசி (காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தருவது). நிறுவனங்கள் வருமானச் சான்று கேட்கும். வரி கட்ட வேண்டியிருக்காது, ஆனாலும் வருடாவருடம் கணக்கு தாக்கல் செய்யுங்கள். பணத்தைத் திருப்பித் தரும் பாலிசி என்று யாராவது வந்தால், அவர் எவ்வளவு வேண்டியவரானாலும், அனுப்பிவிடுங்கள். வங்கியிலேயே பிரதமர் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு (436 ரூபாய்), சுரக்ஷா விபத்துக் காப்பீடு (20 ரூபாய்) இரண்டிலும் இருவரும் சேருங்கள்; மொத்தம் ஆண்டுக்கு 912. மே கடைசி வாரத்தில் கணக்கில் பணம் இல்லாமல் தவணை தவறிப்போவதுதான் வழக்கமாக நடப்பது. சங்கத்தின் குழுக் காப்பீடு இருந்தாலும் 5 லட்சத்துக்குக் குடும்ப மருத்துவ பாலிசி ஒன்றைச் சொந்தமாக எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 3 ஆண்டுவரை காத்திருப்புக் காலம் போடலாம். 60 வயதில் சர்க்கரையோடு போய் நிற்பதைவிட இப்போதே அதைக் கடந்துவிடலாம். நீங்கள் வழக்கமாகப் போகும் மிஷன் ஆஸ்பத்திரி காப்பீட்டு நிறுவனமே நேரடியாகப் பில் கட்டும் பணமில்லாச் சிகிச்சைப் பட்டியலில் இல்லாவிட்டால் அசல் பில்கள், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் வைத்துத்தான் பணம் கேட்க முடியும்.

சேமிப்பில், அரசின் அடல் பென்ஷன் திட்டத்தில் சேர 40 வயதுதான் எல்லை. கணவர் தாண்டிவிட்டார், உங்களுக்கு இடமிருக்கிறது. 38 வயதில் மாதம் 1,196 கட்டினால் 60 வயது முதல் மாதம் 5,000 வரும். உங்களுக்குப் பின் அவருக்கும் அதே தொகை. வருமான வரி கட்டுபவர்கள் சேர முடியாது, உங்களுக்கு அந்தத் தடை இல்லை. 22 வருடம் கழித்து 5,000 என்பது சிறிய தொகைதான், அதனால் பொது வருங்கால வைப்பு நிதியில் (பி.பி.எஃப்.) மாதம் 2,000 போடுங்கள். இப்போதைய 7.1% நீடித்தால் 15 வருடத்தில் சுமார் 6.3 லட்சம். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் போட்டால்தான் அந்த மாத வட்டி சேரும். மிச்சம் 2,300 பிரீமியங்களுக்கு. 1.8 லட்சத்தில் ஒரு லட்சத்தை வங்கி நிலை வைப்பில் (எஃப்.டி.) போட்டுத் தொடாதீர்கள். அவசரத்துக்கு ஊருக்கு வரும் பயணச் செலவே பெரிது. மகளுக்கு 10 வயது ஆவதற்குள் செல்வமகள் கணக்கு ஒன்றை 250 ரூபாயிலாவது தொடங்கிவையுங்கள்.

வீடு இப்போது வேண்டாம். மனை இன்னும் மாமனார் பெயரில். உயில் எழுதாமல் அவர் காலமானால் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி (1925) மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி எல்லாப் பிள்ளைகளுக்கும் சமம். நீங்கள் கட்டிய சுவருக்கு அடியில் உள்ள மண் கொழுந்தனாருக்கும் நாத்தனாருக்கும் சேரும். முதலில் மாமனார் மனையை எழுதித் தரும் தான செட்டில்மெண்ட் பத்திரத்தைப் பதிவு செய்து பட்டா மாற்றுங்கள், பிறகு சுற்றுச்சுவர் போதும். பூட்டிக்கிடக்கும் வீட்டைக் கரையான் தின்னும், தவணை உங்களைத் தின்னும். ஓய்வுக்கு ஐந்து வருடம் முன்பு கட்டுவதே சரி.

நண்பர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடா குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால், தூத்துக்குடியில் பிறந்திருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். உங்கள் கணக்கில் வாங்கவே கூடாது. சங்கத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இருந்தால் அதற்கென உள்ள டெல்லி ஸ்டேட் வங்கிக் கணக்குக்கு அவர் அனுப்பட்டும். உள்நாட்டில் உங்கள் ஊழியத்தைத் தாங்குபவர்கள் தருவதிலும் கவனம்: உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் வந்த மொத்தம் 50,000ஐத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானமாகிவிடும், கணக்கில் காட்ட வேண்டும். ஆலயம் கட்ட, பிள்ளைகள் விடுதிக்கு என்று வரும் பணத்தை உங்கள் கைபேசி எண்ணுக்கு வாங்காதீர்கள். சங்கத்துக்கே அனுப்பச் சொல்லுங்கள். சங்கத்துக்கு 80ஜி பதிவு இருந்தால் கொடுப்பவருக்கும் வரிச்சலுகைக்கான ரசீது கிடைக்கும்.