"இது மனநோய் மாத்திரையாமே, டாக்டர்?"

கேள்வி: நான் பொள்ளாச்சியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். வயது 38. ஆறு வருடமாக வயிற்றோடு மல்லுக்கட்டுகிறேன். காலையில் கிளம்புவதற்குள் மூன்று தடவை போயாக வேண்டும். முதல் பீரியட் பத்தாம் வகுப்பு. கரும்பலகையில் பாதிக் கணக்கு நிற்கும்போதே அடிவயிறு முறுக்கும். போய்வந்தால் வலி இறங்கும், அரை மணியில் மறுபடி வரும். கோவைக்குப் பஸ் ஏறினால் கிணத்துக்கடவு தாண்டுவதற்குள் வியர்த்துவிடுகிறது. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கொலோனோஸ்கோபி எல்லாம் நார்மல். ஐ.பி.எஸ். (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம் என்ற குடல் கோளாறு) என்றார்கள். போன மாதம் குடல்நோய் மருத்துவர் அமிட்ரிப்டிலின் 10 மி.கி., இரவில் ஒன்று என்று எழுதினார். மருந்துக்கடைத் தம்பி, "டீச்சர், இது டிப்ரஷனுக்குத் தர்ற மாத்திரையாச்சே" என்றான். கூட வந்த மாமியார் காதிலும் விழுந்துவிட்டது. அட்டையைப் பிரிக்காமல் பீரோவில் வைத்திருக்கிறேன். இதற்கிடையில் அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி, "அதெல்லாம் வேண்டாம், குறைந்த அளவு நால்ட்ரெக்சோன் எடுத்துப் பார்" என்கிறான். என்ன செய்யட்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: டீச்சர், மருந்துக்கடைத் தம்பி பொய் சொல்லவில்லை, பாதி சொல்லியிருக்கிறார். அமிட்ரிப்டிலின் 1960-களின் தொடக்கத்தில் மனச்சோர்வு மருந்தாகத்தான் வந்தது. அதற்குக் கொடுக்கும் அளவு பொதுவாக ஒரு நாளைக்கு 75 முதல் 150 மி.கி. வரை. உங்கள் அட்டையில் இருப்பது 10. இதைக்கொண்டு மனச்சோர்வைத் தீர்க்க எந்த மனநல மருத்துவரும் முயல மாட்டார்.

அக்கி ஆறிய பிறகும் எரிச்சல் போகாத பெரியவர்களுக்கும், ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும், சர்க்கரையால் பாதம் எரிகிறவர்களுக்கும் இதே மாத்திரையை எழுதுகிறேன். அவர்கள் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். வயிற்றுக்கு எழுதினால் மட்டும் முகம் மாறுகிறது. காரணம் நாங்கள்தான். வயிற்று வலியோடு வந்தவர்களை "எல்லாம் உங்க மனசுதாம்மா" என்று எத்தனை வருடம் திருப்பி அனுப்பியிருக்கிறோம்!

மற்றவர்களுக்குக் குடலில் வாயு நகர்ந்தால் தெரிவதே இல்லை. உங்கள் நரம்புகள் அதை வலி என்று மூளைக்குச் சொல்கின்றன. இந்த மாத்திரை அந்தச் செய்தியை மட்டுப்படுத்தும், குடலின் ஓட்டத்தையும் நிதானமாக்கும். மலச்சிக்கல் இதன் பக்கவிளைவு. காலையில் மூன்று தடவை ஓடுகிற உங்களுக்கு அதுவே வரவு.

கணக்கு டீச்சர் என்பதால் எண்ணாகவே தருகிறேன். 2023-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இங்கிலாந்து ஆய்வொன்று வந்தது. குடும்ப மருத்துவர்களிடம் வந்த 463 ஐ.பி.எஸ். நோயாளிகளில் பாதிப்பேருக்கு இந்த மாத்திரை, மீதிப்பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. 10 மி.கி.யில் தொடங்கி, தேவைப்பட்டால் 30 வரை. ஆறு மாதம் கழித்து, மருந்து எடுத்தவர்களில் 100-க்கு 61 பேர் தேவலை என்றார்கள். போலி மாத்திரைக்காரர்களில் 45 பேர். கழித்தால் 16. 100-ஐ அதால் வகுத்தால் ஆறு சொச்சம். ஆறு பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குத்தான் கூடுதல் பலன் என்று நீங்களே போட்டுவிடுவீர்கள். மந்திரம் இல்லை, ஆனால் ஐ.பி.எஸ்.ஸில் இது நல்ல மார்க். அந்த ஆய்வில் பதற்றத்தையும் மனச்சோர்வையும் சேர்த்து அளந்தார்கள். அவற்றில் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை, வயிறு மட்டும்தான் மாறியது. மாமியாரிடம் சொல்ல வேண்டிய வரி இதுதான்.

தம்பி சொன்ன நால்ட்ரெக்சோன், குடிப்பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்கு 50 மி.கி. அளவில் தரப்படுவது. மிகக் குறைந்த அளவில் ஐ.பி.எஸ்.ஸுக்கும் முயன்றிருக்கிறார்கள். இஸ்ரேலில் 42 பேருக்கு 0.5 மி.கி. வீதம் நான்கு வாரம் கொடுத்துப் பார்த்ததில் பலருக்கு நன்றாக இருந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மாத்திரைக் குழு அதில் இல்லை. போலி மாத்திரைக்கே 45 பேர் தேவலை என்ற கணக்கை இப்போதுதானே பார்த்தோம்? 50 மி.கி. மாத்திரையை வீட்டில் கத்தியால் நறுக்கி 0.5 எடுக்கிற விளையாட்டு வேண்டவே வேண்டாம். டிரமடால் போன்ற வலி மாத்திரை எடுப்பவர்களுக்கு நால்ட்ரெக்சோன் ஆபத்தும்கூட.

அட்டையைப் பிரிக்கும் முன் உங்கள் மருத்துவருக்கு ஒரு போன் செய்யுங்கள். இதயத் துடிப்பில் கோளாறு, கண் அழுத்த நோய், கர்ப்பம், வேறு மாத்திரைகள் என்று எதையாவது சொல்லாமல் விட்டிருந்தால் இப்போது சொல்லிவிடுங்கள். வாய் உலரும், தண்ணீர் பாட்டில் பக்கத்தில் இருக்கட்டும். பலன் தெரிய சில வாரம் ஆகும், பத்தாம் நாளே நிறுத்திவிடாதீர்கள். பீரோவில் வைத்தது மட்டும் சரி, அங்கேயே பூட்டி வையுங்கள். சின்னப் பிள்ளைகள் எடுத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான மாத்திரை இது. இடையில் மலத்தில் ரத்தம், எடை குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி என்று ஏதாவது வந்தால் மாத்திரையைப் பற்றி யோசிக்காமல் நேரே போய்ப் பாருங்கள்.

முதல் சில நாள் காலையில் தலை கனக்கும். படுக்கப் போகும்போது போடாமல் இரவு எட்டு மணிக்கே போட்டால் அது குறையும். மருத்துவர் சரி என்றால் வெள்ளிக்கிழமை இரவு தொடங்குங்கள். சனி, ஞாயிறு தூக்கம் கலையாமல் கிடந்தாலும் பத்தாம் வகுப்புக்குத் திங்கட்கிழமைதானே போக வேண்டும்?