அல்வா டப்பாவையும் எடை போடுங்கள்: சின்ன விமானச் சுற்றுலா, கேள்வி-பதில்

வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையத்தின் ஓடுபாதை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீண்டு, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தாயிற்று. அதிலிருந்து நம் பக்கத்து ஆட்களுக்கு விமான ஆசை கூடியிருக்கிறது. எனக்கு வரும் கடிதங்களில் பாதி, சொந்தக்காரர் ஓட்டும் சின்ன விமானத்தில் ஊர் ஊராகச் சுற்றிப் பார்ப்பது பற்றித்தான். சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பாளையங்கோட்டை வாசகர்: செஸ்னா 172-இல் நாலு சீட் இருக்கிறதே அண்ணாச்சி. நான், என் மனைவி, மகன், ஓட்டுவதற்கு லைசென்ஸ் வைத்திருக்கும் என் மச்சான். மதுரை, திருச்சி, புதுச்சேரி போய்த் திரும்ப ஐந்து நாள். சரியாக வருமா?

நாலு சீட் இருக்கிறது என்பதால் நாலு பேர் போகலாம் என்று ஆகிவிடாது. கணக்கைப் பாருங்கள். 172-எஸ் மாடல் கிளம்பும்போது மொத்த எடை 1,157 கிலோவைத் தாண்டக் கூடாது. விமானத்தின் சொந்த எடையைக் கழித்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 400 கிலோ. அந்தந்த விமானத்தின் சரியான எண் அதன் எடைத்தாளில் இருக்கும், மச்சானிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். டாங்க் நிறைய அடித்தால் பயன்படும் பெட்ரோல் 201 லிட்டர். லிட்டருக்கு 0.72 கிலோ வீதம் 145 கிலோ போய்விட்டது. மீதி 255. ஆளுக்கு 70 கிலோ என்றாலும் நாலு பேர் 280. ஒரு பை கூட ஏற்றாமலே 25 கிலோ கூடுதல்.

அப்போ என்ன செய்வது? பெட்ரோலைக் குறைக்க வேண்டும். 100 லிட்டர் போட்டால் 72 கிலோ. ஆட்கள் போக 48 கிலோ சாமானுக்குக் கிடைக்கும். மணிக்கு 35 லிட்டர் குடிக்கும் எஞ்சின் அது. முக்கால் மணி நேரத்துக்கான கையிருப்பைத் தொடவே கூடாது என்று ஒதுக்கிவிட்டால், உங்களுக்கு இரண்டு மணி நேரப் பறப்புதான் இருக்கிறது. வாகைக்குளத்திலிருந்து மதுரை நேர்கோட்டில் சுமார் 125 கிலோமீட்டர், முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆக, குட்டிக் குட்டித் தாவலாகப் போனால் உங்கள் திட்டம் நடக்கும். ஒரே மூச்சில் புதுச்சேரி என்றால் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

எடையை வாய்ச்சொல்லாகக் கேட்டுக்கொள்ளாதீர்கள். ஒரு குடும்பத்தை நான் அரிசி மண்டித் தராசில் ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தேன். 72 என்று சொன்ன பெரியவர் 81 இருந்தார். பையில் அல்வா மூன்று கிலோ, உடன்குடிக் கருப்பட்டி ஐந்து கிலோ, சுருட்டின பத்தமடைப் பாய் ஒன்று. எல்லாம் அன்போடு கொண்டு வந்தவைதான். ஆனால் எட்டு கிலோ இனிப்பு என்பது பதினொரு லிட்டர் பெட்ரோல், அதாவது இருபது நிமிடப் பறப்பு. பின்னால் சாமான் வைக்கும் இடத்தின் வரம்பே 54 கிலோதான். சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம், துணிப்பை கொண்டு போங்கள்.

இன்னொன்று. மச்சானிடம் இருப்பது பிரைவேட் பைலட் லைசென்ஸ் என்றால் அவர் கூலி வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றக் கூடாது. வெளியாள் யாராவது "சீட்டுக்கு இவ்வளவு கொடுங்கள், என் விமானத்தில் கூட்டிப் போகிறேன்" என்று சொன்னால் ஏறாதீர்கள். வாடகைக்குப் பறக்கத் தனி அனுமதி உண்டு. அது இல்லாத விமானத்தில் ஏதாவது ஆனால் காப்பீடும் கைவிட்டுவிடும்.

தென்காசி வாசகர்: ஜூலையில் சாரல் அடிக்கும்போது குற்றாலம் அருவியை மேலே இருந்து பார்த்துவிட்டு, அப்படியே மலையைத் தாண்டித் திருவனந்தபுரம் போக வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நம் ஊர் ஆட்கள் அதிகம் கேட்பது இதைத்தான்.

தென்மேற்குப் பருவத்தில் காற்று கேரளப் பக்கமிருந்து மலைமேல் ஏறி நம் பக்கம் இறங்குகிறது. காலை ஏழு மணிக்குப் பாபநாசம் பக்கம் நின்று மேற்கே பாருங்கள். மலை முகட்டில் மேகம், பொங்கின பால் பானையின் விளிம்பில் வழிவது போல இந்தப் பக்கம் வழிந்து, பாதி மலையிலேயே காணாமல் போகும். அந்த மேகம் எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ அவ்வளவு வேகமாகக் காற்றும் இறங்குகிறது. மலையடிவாரத்தில் அது உருளை போலச் சுருண்டு புரளும். செஸ்னா 172 முழு விசையில் நிமிடத்துக்கு 700 அடி ஏறும். அங்கே காற்று அதைவிட வேகமாகக் கீழே அழுத்தினால், மூக்கைத் தூக்கி வைத்திருந்தும் விமானம் இறங்கிக்கொண்டே இருக்கும். அருவி மலையின் இடுப்பில் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த இடத்துக்குத்தான் போக வேண்டும்.

சரி, நேர்கோட்டில் தாண்டலாமா? வாகைக்குளத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் ஒரு நூல் பிடித்தால் அது அகத்தியர் மலைக்குச் சில கிலோமீட்டர் தெற்கே போகும். அகத்தியர் மலை 1,868 மீட்டர், 6,129 அடி. உச்சிக்கு மேல் 2,000 அடியாவது இடைவெளி வைக்க வேண்டும் என்பது என் கணக்கு. எட்டாயிரம் அடிக்கு மேல் போக வேண்டும், ஜூலையில் அந்த உயரம் முழுக்க மேகம். கண்ணால் பார்த்து ஓட்டுகிறவருக்கு மேகத்துக்குள் வேலை இல்லை.

தெற்கே ஆரல்வாய்மொழி இடைவெளி வழியே போகலாம் என்பார்கள். முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்பதே அந்த இடைவெளியில் காற்று நெரித்துக்கொண்டு வருவதால்தான். அது மட்டுமில்லை, அந்தப் பக்கம் மகேந்திரகிரியில் இஸ்ரோ வளாகம், கூடங்குளத்தில் அணுமின் நிலையம், விஜயநாராயணத்தில் 470 மீட்டர் உயரக் கடற்படைக் கோபுரங்கள். இவற்றின் பக்கமே போகாத வழியாகத் தேர்ந்தெடுத்து, விமான நிலையக் கட்டுப்பாட்டு டவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஜனவரி, பிப்ரவரியில் காலை பத்து மணிக்குள், மேகம் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். முகட்டை நேராக முட்டாமல் சாய்வாக அணுகச் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் சட்டென்று சமவெளிப் பக்கம் திரும்பிவிடலாம். குற்றாலத்துக்குச் சாரலில் காரில் போய் நல்லாக் குளித்துவிட்டு வாருங்கள். அருவிக்கு அதுதான் மரியாதை.

சாத்தான்குளம் ஆசிரியை: மாணவிகளுக்குச் சொல்ல ஆசை. நம் மாவட்டத்தை மேலிருந்து பார்த்தால் எது அழகு?

தாமிரபரணி, அம்மா. பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை ஆற்றை இடது சன்னலில் வைத்துக்கொண்டு 2,000 அடியில் போக வேண்டும். தரையில் தனித்தனியாகத் தெரிகிற அணைக்கட்டும் வாய்க்காலும் குளமும் மேலே இருந்து ஒரே மாலையாகக் கோத்துத் தெரியும். ஒரு குளம் நிறைந்து அடுத்த குளத்துக்கு வழிகிற இடம் காலை வெயிலில் மின்னும். ஜனவரியில் பிசான நெல் பச்சை. ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் வாழை. வலது பக்கம் உங்கள் ஊர்த் தேரி மணல்மேடு, ரத்தச் சிவப்பு. எதிரே தூத்துக்குடி உப்பளம், வெள்ளைக் கட்டம் கட்டமாக. இத்தனை நிறமும் அரை மணி நேரத்துக்குள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதற்கு நாள் குறிக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். விமானத்திலிருந்து வான்வழிப் படம் எடுக்க அனுமதி தேவை என்பதையும் மாணவிகளிடம் சொல்லுங்கள்.

சங்கரன்கோவில் வாசகர்: பெரிய விமான நிலையங்களில் எல்லாம் எரிபொருள் கிடைக்கும்தானே?

ஜெட் எரிபொருள் கிடைக்கும். செஸ்னா 172 மாதிரி பெட்ரோல் எஞ்சினுக்கு வேண்டியது ஆவ்கேஸ் 100 எல்எல் என்கிற விமானப் பெட்ரோல். அது வேறு சரக்கு, எல்லா இடத்திலும் இராது. 2022 வரை நம் நாட்டுக்கு அது இறக்குமதிதான். அந்த வருஷம்தான் இந்தியன் ஆயில் வதோதராவில் தயாரிக்கத் தொடங்கியது. அதனால் வழியை முடிவு செய்வதற்கு முன்பே ஒவ்வொரு நிலையத்துக்கும் போன் போட்டு, இன்ன தேதிக்கு இத்தனை லிட்டர் என்று கேட்டு உறுதி வாங்குங்கள். சில இடங்களுக்குப் பீப்பாயில் வரவழைக்க வேண்டி வரும். ஜெட் எரிபொருளிலேயே ஓடும் டயமண்ட் டிஏ40 என்ஜி மாதிரி விமானம் கிடைத்தால் இந்தத் தலைவலி பாதி தீர்ந்தது.

எங்கே நிரப்பினாலும், தண்ணீர் கலந்திருக்கிறதா என்று டாங்கின் அடியிலிருந்து சாம்பிள் பிடித்துப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். ராத்திரி மழையில் வெளியே நின்ற விமானம் ஒன்றில், விடியற்காலை இறக்கைக்கு அடியில் குனிந்து கண்ணாடிக் கோப்பையில் பிடித்தேன். மேலே இளநீல ஆவ்கேஸ், அடியில் நிறமே இல்லாமல் ஒரு விரற்கடைத் தண்ணீர், நடுவில் கோடு போட்ட மாதிரி பிரிவு. ஆறு தடவை பிடித்து ஊற்றிய பிறகுதான் கோப்பை முழுக்க நீலமாக வந்தது. டாங்க் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. முழுக்கத் தண்ணீராக இருந்தாலும் பிரிவு தெரியாது என்பதால் நிறத்தையும் வாசனையையும் சேர்த்துப் பாருங்கள்.

வள்ளியூர் அம்மா: அமெரிக்காவில் இருக்கும் மகன் லைசென்ஸ் எடுத்திருக்கிறான். ஜூலையில் வாங்க, கிராண்ட் கேன்யன் மேலே கூட்டிப் போகிறேன் என்கிறான். பயமாக இருக்கிறது.

மகனிடம் இந்த இரண்டையும் கேளுங்கள் அம்மா. கிராண்ட் கேன்யன் விமான நிலையம் 6,609 அடி உயரத்தில் இருக்கிறது. நம் அகத்தியர் மலை உச்சியைவிட உயரம். ஜூலை மதிய வெயிலில் அங்கே காற்று லேசாகி, விமானம் 9,000 அடியில் நிற்பது போலத் தவிக்கும். ஓடுபாதை அதிகம் வேண்டும், ஏறுவதும் மெதுவாகத்தான். "எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம், எடைக்கணக்குப் போட்டாயா?" என்று கேளுங்கள். விடியற்காலை என்று சொன்னால் நல்ல பிள்ளை.

இரண்டாவது, பள்ளத்துக்குள் இறங்கிப் பறக்க முடியாது. தனியார் விமானங்களுக்கு என்று நாலு வழி குறித்திருக்கிறார்கள். வடக்கே போகிறவர் 11,500 அல்லது 13,500 அடி, தெற்கே வருகிறவர் 10,500 அல்லது 12,500 அடி. அந்த உயரத்தில் அரை மணிக்குக் குறைவாகவே இருப்பீர்கள். இருந்தாலும் உங்களுக்கோ ஐயாவுக்கோ இதயம், நுரையீரல் தொந்தரவு இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போங்கள். முடிந்தால் அக்டோபருக்குத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.

அவன் இங்கே வரும்போது அங்கே காட்டுக்குள் போகும்போது பயன்படுத்தும் சாட்டிலைட் மெசேஜ் கருவியை மறந்தும் கொண்டு வர வேண்டாம். அனுமதியில்லாமல் வைத்திருந்தால் இந்தியாவில் குற்றம்.

அம்பாசமுத்திரம் வாசகி: கழிப்பறை?

கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் எந்தத் தாவலும் வைக்காதீர்கள், காலையில் காப்பியைக் குறையுங்கள். இட்லி இரண்டு போதும், வெறும் வயிறும் குமட்டும்.

திசையன்விளை வாசகர்: ஞாயிறு சாயங்காலம் திரும்பியே ஆக வேண்டும், திங்கள் காலை ஆபீஸ். எப்படித் திட்டம் போடுவது?

"திரும்பியே ஆக வேண்டும்" என்ற அந்த ஒரு வார்த்தைதான் எனக்குக் கவலை. சின்ன விமானத்தில் வானிலை கெட்டபின்னும் கிளம்ப வைப்பது பெரும்பாலும் இந்த அவசரம்தான். ஐந்து நாள் சுற்றுலாவுக்கு ஏழு நாள் லீவு போடுங்கள். ஒவ்வொரு தாவலுக்கும் ஃபிளைட் பிளானும் வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும் வாங்க வேண்டும். சிறிய நிலையங்கள் குறிப்பிட்ட நேரம்தான் திறந்திருக்கும். பொழுது சாய்வதற்கு முன் இறங்கியாக வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் அன்றைய நாள் போச்சு. நான் ஒரு தடவை மேகம் விலகட்டும் என்று திருச்சியில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். மலைக்கோட்டை ஏறினோம், ஸ்ரீரங்கம் பார்த்தோம். பிள்ளைகள் இன்றைக்கும் பேசுவது அந்த இரண்டு நாளைப் பற்றித்தான்.

புதுச்சேரியில் ஞாயிறு மதியம் மாட்டிக்கொண்டால் விமானத்தைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு விழுப்புரம் வாருங்கள். ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் வரும். போகும்போதே அதில் டிக்கெட் போட்டு வையுங்கள், தேவைப்படாவிட்டால் ரத்து செய்துகொள்ளலாம். விமானத்தை, வானம் தெளிந்த பிறகு ஓட்டுகிறவர் மட்டும் போய் எடுத்து வரட்டும்.