லயத்து வீட்டைக் காலி செய்யும் முன்

கேள்வி: என் கணவர் செம்பனைத் தோட்டத்தில் பழம் வெட்டுகிறார். அடுத்த ஆண்டு 60 வயது ஆகிறது. தோட்டத்தில் தந்த லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார்கள். நான் பள்ளியில் துப்புரவு வேலை செய்கிறேன். இருவருக்கும் ஆளுக்கு 1,700 ரிங்கிட் சம்பளம். மகனுக்கு வயது 28, ரவாங் தொழிற்சாலையில் 2,400 ரிங்கிட். மருமகள் வேலைக்குப் போகவில்லை, ஒரு குழந்தை இருக்கிறது. எல்லாரும் ஒரே வீட்டில்தான். மலிவு வீட்டுக்கு யார் பெயரில் விண்ணப்பிப்பது?
– வாசகி, பெஸ்தாரி ஜெயா

பதில்: அம்மா, யார் பெயரில் என்று கேட்டீர்களே, அதில்தான் பாதி காரியம் இருக்கிறது. அரசின் மக்கள் வீடமைப்புத் திட்டமான பிபிஆர் வாடகை வீட்டுக்கும், சிலாங்கூர் மாநிலத்தின் மலிவு விலை வீட்டுத் திட்டமான 'ருமா சிலாங்கூர்கூ'வில் வாங்கும் ஏ வகை வீட்டுக்கும் குடும்பத்தின் மாத வருமானம் 3,000 ரிங்கிட்டைத் தாண்டக்கூடாது. கணவன் மனைவி சம்பளத்தைச் சேர்த்துப் பார்ப்பார்கள். உங்கள் இருவருக்கும் சேர்த்து 3,400 வருகிறது. குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் இருவர் 'வசதியானவர்' ஆகிவிடும் விசித்திரம் இது! ஒருவர் சம்பளத்தை மறைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) அறிக்கையில் மாதா மாதம் 187 ரிங்கிட் பிடித்திருப்பதைப் பார்த்தாலே 1,700 சம்பளம் என்று அதிகாரிக்குத் தெரிந்துவிடும்.

மருமகளுக்குச் சம்பளம் இல்லாததால் மகன் கணக்கில் 2,400 மட்டும்தான். ஆகவே வாங்கும் வீட்டுக்கு மகன் இப்போதே பதியட்டும். ஏ வகை வீட்டின் விலை 42,000 ரிங்கிட். உங்கள் கணவர் பெயரில் கடன் கேட்டால், வங்கி பெரும்பாலும் 70 வயது வரைதான் தவணை தரும். 10 ஆண்டு, 4 விழுக்காடு வட்டி என்றால் மாதம் சுமார் 425 ரிங்கிட். அதே கடன் மகனுக்கு 30 ஆண்டு தவணையில் சுமார் 200 ரிங்கிட்தான். மகன் ஓவர்டைம் செய்பவரானால் மூன்று மாதச் சிலிப்போடு நிறுத்தாதீர்கள். வேலை குவிந்த மூன்று மாதத்தை மட்டும் பார்த்தால் 3,000-ஐத் தாண்டியதுபோல் தெரியும். ஆறு மாதச் சிலிப்பையும் சேர்த்து வையுங்கள்.

பதிவு, சிலாங்கூர் வீடமைப்பு, சொத்துடைமை வாரியமான எல்பிஎச்எஸ்ஸில். பதிந்தாலே வீடு கிடைத்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பெயர் வந்தபின் கடனில்தான் பலருக்கும் கைநழுவுகிறது. மோட்டார் சைக்கிள் தவணையோ பிடிபிடிஎன் உயர்கல்விக் கடனோ பாக்கி இருந்தால் பேங்க் நெகாராவின் சிசிரிஸ் கடன் அறிக்கையில் தெரியும். மகன் அதை முதலில் எடுத்துப் பார்க்கட்டும். பாக்கி இருந்தால் கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகேயில் இலவச ஆலோசனை கிடைக்கும். முன்பணத்துக்கு உங்கள் கணவரின் ஈபிஎஃப் உதவும். 55 வயதுக்குப் பிறகு பிடித்த பணம் 'அக்காவுன் எமாஸ்' கணக்கில் இருக்கும். 60 ஆனதும் எடுக்கலாம்.

வாடகை வீட்டுக்கு நீங்கள் விண்ணப்பியுங்கள், ஆனால் அவர் ஓய்வு பெற்ற பிறகு. அப்போது கணக்கில் உங்கள் 1,700 மட்டும்தான். பிபிஆர் வாடகை மாதம் 124 ரிங்கிட். ஆனால் எல்லா ஊரிலும் வீடு கிடையாது. கோலசிலாங்கூர் மாவட்ட அலுவலகத்தில் இப்போதே விசாரித்து வையுங்கள். தோட்ட ஆபீசில் ஓய்வு நாளும் வீட்டைக் காலி செய்ய வேண்டிய நாளும் குறித்த கடிதத்தை எழுத்தில் வாங்குங்கள். கிராணி (தோட்ட எழுத்தர்) வாயால் சொன்னது செல்லாது.

காகிதங்கள்: இருவரின் ஐசி (அடையாள அட்டை) நகல், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், சம்பளச் சிலிப், ஈபிஎஃப் அறிக்கை. 1982 மார்ச் 1-க்குப் பிறகு கோயிலில் தாலி கட்டி, ஜேபிஎன் எனும் தேசியப் பதிவுத் துறையில் பதியாமல் விட்டவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். உங்கள் திருமணம் அப்படி இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். சிவப்பு ஐசி உள்ளவர் (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி) விண்ணப்பதாரராக முடியாது. குடியுரிமை உள்ளவரே கையெழுத்திட வேண்டும். யார் பெயரிலாவது வேறு வீடு இருந்தாலும், அப்பா விட்டுப்போன கம்போங் வீட்டில் ஒரு பங்கு இருந்தாலும், அதை மறைக்காமல் எழுதுங்கள். நில அலுவலகத்தில் தேடினால் எப்படியும் தெரிந்துவிடும்.

பாரம் நிரப்பித் தருகிறேன், மேலிடத்தில் சொல்லி வாங்கித் தருகிறேன் என்று நூறோ ஐந்நூறோ கேட்பவருக்கு ஒரு சல்லியும் கொடுக்காதீர்கள். பாரம் நிரப்பத் தெரியாவிட்டால் உங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் கேளுங்கள்.

கடைசியாக முகவரி. பாரத்தில் லயத்து முகவரியை எழுதிவிட்டு வீடு மாறினால், வீடு ஒதுக்கும் கடிதம் தோட்ட ஆபீஸ் மேசையிலேயே கிடக்கும். பதில் சொல்ல வேண்டிய நாளும் ஓடிவிடும். மகனின் கைப்பேசி எண்ணையும் மாறாத ஒரு முகவரியையும் கொடுங்கள். எண் மாறினால் அன்றே எல்பிஎச்எஸ்ஸுக்குத் தெரிவியுங்கள்.