இரண்டு குளிர்காலம் கேட்கும் விதைகள்

கேள்வி: காட்டு மரநிழலில் வளரும் டிரில்லியம் விதைகளை ஊன்றி ஓராண்டாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. விதைகள் கெட்டுவிட்டனவா? அதேபோல் மரநிழலில் வளரும் அரிசீமா செடிக்கும் இதே நிலைதானா?

பதில்: அவசரப்பட்டுத் தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். டிரில்லியம் இனங்கள் பலவற்றின் விதைகளுக்கு இரட்டை உறக்கம் உண்டு. முதல் குளிருக்குப் பின் வரும் வெதுவெதுப்பில் மண்ணுக்குள் வேர் மட்டுமே இறங்கும், இரண்டாவது குளிரும் கழிந்த பிறகே இலை வெளியே தலைகாட்டும் என்பதால், ஓராண்டில் எதுவும் தென்படாதது இயல்பே. இதைச் செயற்கையாகச் செய்ய விரும்பினால், விதைகளை ஈரமான வெர்மிகுலைட்டுடன் (ஈரத்தைத் தேக்கி வைக்கும் இலேசான கனிமத் துகள்கள்) பிளாஸ்டிக் பையில் இட்டு, குளிர்பதனப் பெட்டியில் ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸில் 3 மாதம், பிறகு 20 டிகிரி அளவில் 3 மாதம், மறுபடியும் குளிரில் 3 மாதம் என மாற்றி வைக்கலாம். உறைபெட்டி வேண்டாம், தேவைப்படுவது குளிர்ச்சியே தவிர உறைதல் அன்று. விதை நன்றாக உலர்ந்துவிட்டால் தாமதம் இன்னும் கூடும், ஆகவே பழம் முதிர்ந்ததும் புதிதாக விதைப்பதே என் பரிந்துரை.

அரிசீமா இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதில்லை. அதன் பழச்சதை முளைப்பைத் தடுக்கும் என்பதால் அதைக் கழுவி நீக்கிவிட்டால், வட அமெரிக்க இனமான அரிசீமா டிரிஃபில்லத்துக்கு 2 முதல் 3 மாத ஈரக்குளிர் ஒருமுறை போதும். சதையிலுள்ள கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் தோலில் எரிச்சலூட்டும், கையுறை அணிந்துகொள்ளுங்கள்.