வாசகர் கேள்வி – பதில்: மீண்டும் வேலைக்குப் போவது

கேள்வி: ஹட்டன் நகரில் தனியார் நிறுவனமொன்றில் ஐந்து வருடங்கள் கணக்கெழுதும் வேலையில் இருந்தேன். 2018இல் மகன் பிறந்ததும் விலகி, அன்றிலிருந்து வீட்டோடு இருக்கிறேன். 2022க்குப் பிறகு கணவரின் சம்பளம் மட்டும் போதவில்லை. இப்போது நுவரெலியாவில் நல்ல சம்பளத்தில் ஒரு வேலையும், ஹட்டனில் அதைவிடக் குறைந்த சம்பளத்தில் ஒரு வேலையும் கிடைக்கும் போலிருக்கிறது. இத்தனை வருடம் என்ன செய்தீர்கள் என்று நேர்முகப் பரீட்சையில் கேட்டால் என்ன சொல்வது? பழைய ஊழியர் சேமலாப நிதிப் (EPF) பணம் இல்லாமல் போயிருக்குமா? "உன்னால் சமாளிக்க முடியுமென்றால் போ" என்கிறார் கணவர். மாமிக்கு முழங்கால் வலி. பிள்ளையின் பின்னால் ஓட அவரால் முடியாது.
– வாசகி, டிக்கோயா

பதில்: நீங்கள் கடைசியில் எழுதியிருப்பதையே நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். பாடசாலை ஒன்றரை மணிக்கு விடுகிறது. அலுவலகம் ஐந்து மணிக்கு முன் விடாது. இந்த இடைவெளியில் மகனுக்கு யார் சோறு போடுவது, காய்ச்சல் வந்த நாளில் யார் லீவு எடுப்பது, காலைச் சமையலில் யாருக்கு எந்தப் பங்கு என்பவற்றை நீங்களும் கணவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யாமல் எந்த நேர்முகப் பரீட்சைக்கும் போக வேண்டாம். உங்கள் கணவர் தடை சொல்லவில்லை, உண்மைதான். ஆனால் சமாளிப்பு முழுவதையும் உங்கள் தலையில் வைத்துவிட்டுத்தான் அவர் சம்மதித்திருக்கிறார். திரும்ப வேலைக்குப் போன பெண்கள் சில மாதங்களில் மறுபடி நின்றுவிடுவதற்கு, நான் அறிந்த வரையில், அலுவலக வேலை தெரியாமல் போனது காரணமாக இருந்ததில்லை. வீட்டில் எதுவும் மாறாததே காரணமாக இருந்திருக்கிறது.

இதே கணக்கில்தான் நுவரெலியாவா ஹட்டனா என்பதையும் பார்க்க வேண்டும். கூடுதல் சம்பளத்திலிருந்து பஸ் கட்டணத்தையும், பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்குக் கொடுக்க வேண்டியதையும் கழித்துப் பாருங்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மண்சரிந்து பாதை அடைபட்டால் மாலையில் எத்தனை மணிக்கு வீடு வந்து சேர்வீர்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். முதல் வருடத்துக்கு ஹட்டன் வேலையே போதும் என்பது என் கருத்து.

நேர்முகப் பரீட்சையில், பிள்ளையை வளர்ப்பதற்காக விலகியிருந்தேன் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். மன்னிப்புக் கேட்கும் குரல் வேண்டாம். குடும்பம் நடத்துவதும் ஒரு நிர்வாகம்தான் என்ற பேச்சு மேடைக்குப் பொருந்துமே தவிர, கணக்காளர் முன்னால் எடுபடாது. மாறாக, மகன் படிக்கும் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்துக்கோ கோயில் சபைக்கோ நீங்கள் கணக்கு எழுதியிருந்தால் அதைத் தயங்காமல் சொல்லுங்கள். அதைவிட முக்கியமானது, இடையில் மாறியவற்றை அறிந்திருப்பது. நீங்கள் விலகியபோது 15 சதவீதமாக இருந்த வற் வரி (பெறுமதி சேர் வரி), 2019 டிசம்பரில் 8 ஆகக் குறைந்து, 2022இல் முதலில் 12 ஆகவும் பிறகு 15 ஆகவும் ஏறி, 2024 ஜனவரியில் 18 ஆனது. இதைத் தடுமாறாமல் சொல்லக்கூடியவரிடம் வீட்டிலிருந்த வருடங்களைப் பற்றி அதிகம் கேட்க மாட்டார்கள்.

சேமலாப நிதிப் பணம் எங்கும் போகவில்லை. நீங்கள் எடுக்காத வரை அது உங்கள் பெயரில் மத்திய வங்கியின் பொறுப்பில் இருக்கும், வருடாந்தம் வட்டியும் சேரும். புதிய இடத்தில் உங்கள் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும் முதலாளியின் பங்காக 12 சதவீதமும் அதில் சேர வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கான (ETF) 3 சதவீதம் முதலாளியுடையது, அதை உங்கள் சம்பளத்தில் கழிக்க முடியாது. பழைய அங்கத்துவ இலக்கத்தைத் தேடி எடுத்து வையுங்கள். நம் பகுதியில் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் இன்னொரு எழுத்தும் இருப்பது புதிதல்ல. அப்படியிருந்தால் இரண்டு பெயரும் உங்களுடையதே என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி ஒன்றை இப்போதே முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தோட்டத்தில் எட்டு வருடம் கொழுந்து பறித்தேன். பிரசவ லீவு முடிந்தும் போகாததால் பெயரை வெட்டிவிட்டார்கள். பிள்ளைக்குப் பத்து மாதம். இப்போது கைக்காசுக்கு, அதாவது பெயர் பதியாமல் அன்றன்று கூலி வாங்கும் வேலைக்கு, வரச் சொல்கிறார்கள். போகலாமா?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: முதலில் செக்ரோலில் (தோட்டத் தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில்) மறுபடி பெயர் போடும்படி எழுத்தில் கேளுங்கள், தொழிற்சங்கத் தலைவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மறுத்தால், பழைய சேவைக்காலப் பணத்தைக் கேளுங்கள். ஐந்து வருடம் முடித்த நாட்சம்பளக்காரருக்கு வருடமொன்றுக்கு 14 நாள் சம்பளம் வீதம் கொடுக்க வேண்டுமென 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் சொல்கிறது. கைக்காசு வேலைக்குச் சேமலாப நிதி கிடையாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தற்காலிக வேலைக்கும், அளவுக்கு ஏற்பக் கூலி பெறும் வேலைக்கும் அது உண்டு. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் வரை, வேலை நாளில் இரண்டு தடவை பாலூட்டப் போகவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது: பிள்ளைக் காம்பரா (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) இருந்தால் தடவைக்கு அரை மணி நேரம், இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். சேருவதற்கு முன்பே கங்காணியிடம் இதைச் சொல்லி வையுங்கள்.