சென்னைக்கு ஓலைப்பை: தீர்வை விலக்கு எந்தக் கடதாசியில் இருக்கிறது?

கேள்வி: அச்சுவேலியில் பனையோலைப் பின்னல் வேலை செய்யும் சிறு குழு நாங்கள். சென்னைக் கடைக்காரர் ஒருவர், உள்ளே துணியும் மேலே சிப்பும் (zip, இழுத்து மூடும் பூட்டு) வைத்த கைப்பைகள் 500 கேட்கிறார். “சுதந்திர வர்த்தக உடன்படிக்கைச் சான்றிதழோடு அனுப்புங்கள், வரியே இல்லை” என்கிறார். வணிக மன்றத்தில் எடுக்கும் உற்பத்தி நாட்டுச் சான்றிதழ் போதுமா? காங்கேசன்துறைக் கப்பலில் அனுப்பலாமா?

பதில்: இரண்டுக்கும் ‘இல்லை’ என்பதுதான் பதில்.

வணிக மன்றங்கள் தரும் சான்றிதழ் சாதாரண வகை. பொருள் இலங்கையில் செய்யப்பட்டது என்று அது சொல்லும். தீர்வையில் ஒரு சதமும் குறைக்காது. 2000 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள இந்திய-இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின் சலுகைக்கு, கொழும்பிலுள்ள வர்த்தகத் திணைக்களம் தரும் சான்றிதழே வேண்டும். ‘வரியே இல்லை’ என்பதும் பாதி உண்மை. விலக்குக் கிடைப்பது அடிப்படைச் சுங்கத் தீர்வைக்கு மட்டும். இந்தியா இறக்குமதியின்போது அறவிடும் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.யை (சரக்கு, சேவை வரியை) உங்கள் கடைக்காரர் கட்டத்தான் வேண்டும். விலை பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள், பிறகு உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்.

முதலில் எச்.எஸ். குறியீட்டை, அதாவது சுங்கம் பொருட்களை வகைப்படுத்தும் இலக்கத்தை, உறுதிசெய்யுங்கள். ஓலையில் பின்னிய பை 4602இல் வரும். மூங்கிலும் பிரம்பும் அல்லாத தாவரப் பொருள் என்பதால் 4602.19. துணிப்பைக்கு அழகுக்காக ஓலைத் துண்டு தைத்தால் அது 4202க்குப் போய்விடலாம். அப்போது கணக்கு முழுவதும் மாறும். குறியீடு கிடைத்ததும் அது இந்தியா சலுகை தராத பொருட்களின் பட்டியலில் இருக்கிறதா என்று வர்த்தகத் திணைக்களத்தில் கேளுங்கள். பட்டியலில் இருந்தால் மேற்கொண்டு அலைவதில் பயனில்லை.

அடுத்தது செலவுக் கணக்கு. அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். உள்ளூர் ஓலையில் மட்டும் பின்னிய கடகம், பெட்டி என்றால் பிரச்சினை இல்லை. உங்கள் பையில் சாயம், துணி, சிப் மூன்றும் வெளிநாட்டுச் சரக்கு. உள்ளூர்ப் பெறுமதி எஃப்.ஓ.பி. விலையில் (கப்பலில் ஏற்றும்வரையான விலையில்) குறைந்தது 35% இருக்க வேண்டும். வெளிநாட்டு மூலப்பொருளின் முதல் நான்கு இலக்கக் குறியீடும் பையின் குறியீடும் வேறாக இருக்க வேண்டும். சிப் 9607, பை 4602 என்பதால் இரண்டாவது நிபந்தனை தடையாகாது. ஒரு பையின் எஃப்.ஓ.பி. விலை 1,000 ரூபாய், துணி 130, சிப் 30, சாயம் 40 என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டுப் பங்கு 20%, உள்ளூர்ப் பங்கு 80%, தாராளமாகத் தேறும். துணியைக் கடைக்காரரே இந்தியாவிலிருந்து அனுப்பினாலும் வழி உண்டு: இலங்கைப் பங்கு 25%க்குக் குறையாமல், இரு நாட்டுப் பங்கும் சேர்ந்து 35% வந்தால் போதும்.

கணக்குச் சரியாக இருந்தும் விண்ணப்பம் நிற்பதற்குக் காரணம் பில். யாழ்ப்பாணக் கடையில் பில் இல்லாமல் வாங்கிய துணி எந்த நாட்டுடையது என்று காட்ட முடியாது. அதை வெளிநாட்டுச் சரக்காகவே எழுதுங்கள். ஓலை வெட்டியவருக்கும் பின்னியவருக்கும் கொடுத்த கூலிக்குக் கையெழுத்து வாங்குங்கள். எஃப்.ஓ.பி. விலையையே கணக்கில் எடுங்கள். வீட்டு வாசல் விலையையோ கப்பல் கூலி சேர்த்த விலையையோ போட்டால் சதவீதம் பிழையாகும்.

இந்தியாவில் 2020 செப்டெம்பர் 21 முதல், சலுகை கோரும் இறக்குமதியாளரே உற்பத்தி விவரங்களைக் கையில் வைத்திருக்க வேண்டும். சுங்கம் கேட்டால் 10 வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். ஐந்து வருடம் பாதுகாக்கவும் வேண்டும். ஆகவே செய்முறை, மூலப்பொருள், குறியீடு அடங்கிய ஒரு பக்கத்தைச் சரக்குக்கு முன்பே அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினம் போகும் கப்பல் பயணிகளுக்கானது. பயணப்பொதியாகக் கொண்டுபோனால் ஏற்றுமதிச் சுங்கப் பிரகடனம் இருக்காது. சலுகையும் கோர முடியாது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு லொறி, அங்கிருந்து சென்னைக்கோ தூத்துக்குடிக்கோ பலருடைய சரக்கைச் சேர்த்து ஏற்றும் பகிர்வுக் கொள்கலன், இதுதான் இப்போதைய வழி. வடக்குக்கு இது அநியாயமான சுற்று. வணிக மன்றங்கள் கண்காட்சியோடு நிற்காமல் சிறு உற்பத்தியாளர்களின் சரக்கைச் சேர்த்து அனுப்ப ஒழுங்கு செய்தால் கூலி குறையும். சரக்கு மூன்றாவது நாடு சுற்றாமல் நேரே போகட்டும். வேறு துறைமுகத்தில் மாறினால் கொழும்பிலிருந்து சென்னைவரை ஒரே கப்பல் பத்திரம் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணம்) தேவை.

உங்கள் பெயரில் வரி இலக்கமும் சுங்கப் பதிவும் இல்லாவிட்டால், முதல் தடவை பதிவுள்ள ஏற்றுமதியாளர் ஊடாக அனுப்புங்கள். சான்றிதழ் அவர் பெயரில் வரும், செலவுக் கணக்கை நீங்கள் கொடுக்க வேண்டும்.

ஓலைச் சாமானில் கூலியைத் தீர்மானிப்பது நிறையல்ல, இடம். நீளம், அகலம், உயரம் மூன்றும் 60 சென்ரிமீற்றர் உள்ள பெட்டி ஒன்றை விமானத்தில் போட்டால், உள்ளே ஏழு கிலோ இருந்தாலும் 36 கிலோவுக்குக் காசு. பைகளைத் தட்டையாக மடிக்கும்படி வடிவமையுங்கள். பின்னிய பிறகும் நன்றாகக் காயவிட்டு, சிலிக்கா ஜெல் பைக்கற்றோடு கட்டுங்கள். ஈரம் மிஞ்சினால் கொள்கலனுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். சாயம் தோய்த்த ஓலையை ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து, நிறம் ஒட்டினால் அந்தத் தொகுதியை ஒதுக்கிவிடுங்கள். மரப்பெட்டி வேண்டாம், வெப்பமூட்டியோ புகையூட்டியோ பதப்படுத்திய முத்திரை இல்லாத மரத்தை இந்தியத் தாவரத் தடுப்புக்காப்பு மறிக்கும். தடித்த அட்டைப்பெட்டி போதும்.