பண்டிகை வீட்டில் இருக்கட்டும், பூங்காவுக்கு வேறு நாள் பாருங்கள்

கேள்வி: நாங்கள் பெரம்பூரில் வசிக்கிறோம். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 4. எங்களோடு இருக்கும் மாமியாருக்கு 68 வயது, மூட்டுவலி உண்டு. போன ஆண்டு நள்ளிரவுத் திருப்பலிக்குப் போய் வந்து, விடிந்ததும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு தீம் பார்க்குக்குக் கிளம்பினோம். பாதி நாள் வரிசையிலேயே போயிற்று. மகள் என் தோளில் தூங்கிவிட்டாள். உயரம் போதாது என்று ஒரு ரைடில் மகனைத் திருப்பி அனுப்ப, அவன் அழுதான், கணவர் ஊழியரோடு சண்டை போட்டார். அத்தை ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். இந்தக் கிறிஸ்துமஸுக்கும் போக வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிக்கிறார்கள். "பண்டிகை அன்று வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊர் சுற்றுவதா? நான் வரவில்லை" என்கிறார் அத்தை. "அம்மா இருக்கட்டும், நாம் போய் வருவோம்" என்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெரம்பூர்

பதில்: அன்புச் சகோதரி, அத்தை சொன்னதாக நீங்கள் எழுதியிருக்கும் வரியை இன்னொரு முறை படியுங்கள். முழங்கால் வலிக்கிறது என்றோ தீம் பார்க் பிடிக்கவில்லை என்றோ அவர் சொல்லவில்லை. பண்டிகை அன்று வீடு பூட்டிக் கிடப்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. என்னைக் கேட்டால், அவர் பக்கம்தான் நியாயம். தீபாவளிக்குப் பலகாரத் தட்டு அனுப்பிய பக்கத்து வீடுகளுக்குக் கேக்கும் கல்கலாவும் அச்சு முறுக்கும் வைத்துத் தட்டைத் திருப்பி அனுப்புகிற நாள் அது. வாழ்த்துச் சொல்ல வருகிறவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், அந்த வீட்டின் மூத்தவருக்கு அது எத்தனை பெரிய குறை என்று நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் நிலையும் அப்படித்தான். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து படுக்கும்போது மணி இரண்டாகியிருக்கும். நாலு வயதுக் குழந்தை உங்கள் தோளில் தூங்கியதில் வியப்பே இல்லை.

ஆகவே 25-ஆம் தேதியை விட்டுவிடுங்கள். அரையாண்டு விடுமுறை புத்தாண்டு வரை இருக்கிறதே. சனி, ஞாயிறையும் 31, 1 தேதிகளையும் தவிர்த்து, இடையில் ஒரு வார நாளைப் பிடியுங்கள். குறிப்பாக 31 அன்று மாலை கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கமே போக வேண்டாம். விடுமுறைக் காலம் என்பதால் வார நாளிலும் கூட்டம் இருக்கத்தான் செய்யும், ஆனால் பண்டிகை நாளின் நெரிசல் இருக்காது. டிக்கெட்டை இணையத்தில் எடுக்கும்போது, மழை வந்தால் தேதியை மாற்றித் தருவார்களா என்பதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் கடைசியிலும் எட்டிப் பார்க்கும். பலத்த காற்றும் இடியும் வந்தால் உயரமான ரைடுகளை நிறுத்திவிடுவார்கள்.

போன ஆண்டு உங்கள் நாளைக் கெடுத்தது கூட்டம் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். ஐந்து பேரும் காலை முதல் மாலை வரை ஒன்றாகவே இருந்தாக வேண்டும் என்று எண்ணினீர்கள். தீம் பார்க் அதற்கு இடம் கொடுக்காது. அங்கே உயரமும் வயதும்தான் யார் எங்கே போகலாம் என்று முடிவு செய்கின்றன. பிரிந்து சுற்றுவதை நீங்களே முன்கூட்டித் திட்டமிட்டால் ஒருவருக்கும் மனக்குறை வராது. மகனும் அப்பாவும் பெரிய ரைடுகளுக்கு. மகளோடு நீங்கள் சின்ன ராட்டினங்களுக்கு. பகல் ஒரு மணிக்கு எல்லாரும் ஒரே மேசையில் சாப்பாட்டுக்கு. சாப்பிட்ட பிறகு இடம் மாறிக்கொள்ளுங்கள். நீங்களும் மகனோடு ஒரு பெரிய ரைடில் ஏற வேண்டும். அம்மா பயந்து கத்தியதை அவன் வருடம் முழுவதும் சொல்லிச் சிரிப்பான்.

புறப்படுவதற்கு முன் வீட்டுச் சுவரில் இரண்டு பேரின் உயரத்தையும் அளந்துவிடுங்கள். பெரிய ரைடுகள் பலவற்றுக்கு 140 செ.மீ. கேட்கிறார்கள். 11 வயதுப் பையன்கள் பலர் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழேயோ மேலேயோதான் நிற்பார்கள். எதில் ஏறலாம், எதில் முடியாது என்பதை வீட்டிலேயே அவனுக்குச் சொல்லிவிட்டால் அங்கே அழுகை வராது. கணவரிடம் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்லுங்கள். தொடையை அழுத்தும் கம்பியும் தோளைப் பிடிக்கும் கவசமும் ஒரு குறிப்பிட்ட உடல் அளவுக்காகச் செய்யப்பட்டவை. அதைவிடச் சிறிய உடல் வேகமான திருப்பத்தில் நழுவிவிடலாம். அன்று உங்கள் மகனைத் திருப்பி அனுப்பிய ஊழியர் அவன் உயிரைக் காத்தார். அவரோடு சண்டை போட்டிருக்கக் கூடாது.

தண்ணீர் விளையாட்டைக் கடைசிக்கு வைப்பது பல குடும்பங்களின் வழக்கம். டிசம்பரில் அது சரிப்படாது. ஆறு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும், நாலு மணிக்கு மேல் கடல் காற்றில் ஈரத்தோடு நிற்கும் குழந்தை நடுங்கும். பதினொன்றரைக்கு இறங்கி, பசி எடுக்கும்போது கரையேறுங்கள். சேலை, சுடிதார், பருத்தித் துணியோடெல்லாம் குளத்தில் இறங்க விடமாட்டார்கள். நைலான் உடையை இங்கேயே வாங்கிக்கொண்டு போனால் செலவு குறையும்.

இனி அத்தை. தேதி மாறிவிட்டது என்று சொல்லி, "நீங்கள் வருகிறீர்களா?" என்று கேளுங்கள். முடிவு செய்துவிட்டுச் சொல்வதற்கும் முன்னால் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு அவருக்கு நன்றாகவே தெரியும். வருகிறேன் என்றால் இடத்தை அவருக்காகத் தேர்ந்தெடுங்கள். திருப்போரூர் அருகே புதிதாக வந்திருக்கும் வொண்டர்லா தீம் பார்க் பிள்ளைகளை இழுக்கும், ஆனால் பெரம்பூரிலிருந்து அந்தத் தொலைவு அவர் முழங்காலுக்கு அதிகம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள விஜிபி தீம் பார்க் அவருக்குப் பொருந்தும். பக்கத்திலேயே விஜிபி மரைன் கிங்டம் என்ற மீன் காட்சியகம் இருக்கிறது. அதற்குத் தனி டிக்கெட். குளுகுளு அறையில், தலைக்கு மேல் சுறாவும் திருக்கையும் நீந்தும் கண்ணாடிச் சுரங்கத்துக்குள் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்கலாம். மகளுக்கும் பாட்டிக்கும் ஒரே அளவு மகிழ்ச்சி தரக்கூடிய இடம் அதுதான். சக்கர நாற்காலி கிடைக்குமா என்று முதல் நாளே தொலைபேசியில் விசாரியுங்கள்.

பறக்கும் ரயிலில் திருவான்மியூர் வரை போகலாம் என்று கணவர் கணக்குப் போடலாம். நீங்கள் நால்வர் மட்டும் என்றால் அது நல்ல யோசனை. அத்தை வந்தால் படிக்கட்டுகள் வேண்டாம், காரே பிடியுங்கள். திரும்பும் வண்டியையும் காலையிலேயே பேசிவிடுங்கள். பூங்கா மூடும் நேரத்தில் எல்லாக் குடும்பங்களும் ஒரே சமயத்தில் வாசலுக்கு வரும்.

எல்லாம் கேட்ட பிறகும் அவர் வரவில்லை என்றால், தாராளமாக விட்டுவிட்டுப் போங்கள். 25 அன்று வீடு நிறைய ஆட்களைப் பார்த்து, நாள் முழுவதும் உபசரித்தவர் இரண்டு நாள் கழித்து அமைதியாகப் படுத்துத் தூங்க விரும்பினால் அது அவர் உரிமை. மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, இரவுக்கு இட்லி வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.